ஆம்புலன்ஸ் நிழல்

அன்றைக்கு ஒரே கேள்வியை என்னிடம் மூன்று பேர் கேட்டார்கள். மூன்று பேருக்கும் மூன்று பதில் சொன்னேன். பொய் சொல்ல வேண்டும் என்று நினைத்துச் சொல்லவில்லை. ஒவ்வொரு முறை கேட்கும்போதும் அதற்கு முன்னால் நடந்த ஒன்று ஞாபகத்துக்கு வந்தது, அவ்வளவுதான். "வலி எத்தனை மணிக்கு ஆரம்பிச்சுது?" என்பதுதான் கேள்வி.

வலி என் பாவாவுக்கு, அதாவது அக்காவின் கணவருக்கு. எங்கள் வீட்டில் தமிழும் தெலுங்கும் கலந்துதான் புழங்கும். அப்பாவை நைனா என்போம், அக்கா வீட்டுக்காரரைப் பாவா என்போம். ஆர்.கே.பேட்டைப் பக்கம் ஒரே ஷெட்டில் எங்களுக்கு எட்டு பவர்லூம். நாலு அவருடையது, நாலு என்னுடையது. இருபது வருஷமாக அந்த இரைச்சலுக்கு நடுவில் ஒருவரை ஒருவர் கத்தியே கூப்பிட்டுப் பழகியதில், தெருவில் பேசினாலும் எங்களுக்குக் கத்தல்தான் வரும். பார்க்கிறவர்கள் சண்டை என்று நினைப்பார்கள். பாதி நேரம் அது சண்டையாகத்தான் இருக்கும். எனக்கு மூக்குக்கு மேல் கோபம். அவருக்குக் கோபமே வராது. அதைப் பார்த்து எனக்கு இன்னும் கோபம் வரும்.

ஆடிக் கிருத்திகைக்குத் தறிகளை நிறுத்திவிட்டு, திருத்தணிக்கு நடந்தே போய்க் காவடி செலுத்துவது பாவாவின் வழக்கம். கல்யாணமான வருஷத்திலிருந்து ஒரு தடவைகூட விட்டதில்லை. அக்காவும் கூட நடப்பாள். நான் காவடி எடுக்கிற ஆள் இல்லை. பையைத் தூக்கிக்கொண்டு துணைக்குப் போவேன். காலில் கல் குத்தினால் முருகனை நாலு வார்த்தை சொல்லிக்கொண்டே நடப்பேன். பாவா திரும்பிப் பார்த்துச் சிரிப்பார்.

அவர் மாலை போட்டுக்கொண்ட நாளிலிருந்து வீட்டில் இரண்டு சட்டங்கள். ஒன்று, நோய், சாவு, ஆஸ்பத்திரி என்று எதையும் வாயால் சொல்லக் கூடாது. யாருக்காவது காய்ச்சல் என்றால் உடம்பு கொஞ்சம் சூடாக இருக்கிறது என்றுதான் சொல்ல வேண்டும். பேரைச் சொன்னால் அது வந்து உட்கார்ந்துகொள்ளும் என்பது அக்காவின் பயம். இரண்டாவது, பூஜை போட்டுத் தோளில் ஏற்றிய காவடி மலைக்கு மேலே போய்ச் சேருகிற வரைக்கும் தரையில் படக் கூடாது. கை வலித்தால் இன்னொருவர் தோளுக்கு மாற்றலாம். இறக்கி வைக்க மட்டும் கூடாது. இந்த இரண்டையும் நான் கிண்டல் பண்ணியிருக்கிறேன். அன்றைக்கு இரண்டுக்கும் நானே கட்டுப்பட்டு நடந்தேன். அதை எங்கே போய்ச் சொல்ல?

இரண்டு வருஷத்துக்கு முந்தைய ஆடிக் கிருத்திகை அது. விடியற்காலை நாலரை மணிக்கு வாசலில் கற்பூரம் ஏற்றிக் காவடியைத் தூக்கித் தோளில் வைத்ததும் பாவா ஒரு நிமிஷம் அப்படியே நின்றார். வலது கையை முஷ்டி மடக்கி நெஞ்சுக்கு நடுவில் வைத்து அழுத்திக்கொண்டார்.

"இன்னா பாவா?" என்றேன்.

"ஒண்ணுமில்ல. ராத்திரி சாப்பிடாம கெடந்தது. வாயு புடிச்சிகினு இருக்குது. ஒரு ஏப்பம் வந்தா சரியாப் போயிடும்."

அக்கா உள்ளே ஓடி ஓமத் தண்ணீர் கொண்டு வந்தாள். குடித்தார். ஏப்பம் வரவில்லை. அரோகரா சொல்லிக்கொண்டு நடந்தோம்.

எப்போதும் எனக்கு முன்னால் விறுவிறுவென்று போகிறவர் அன்றைக்குப் பின்தங்கினார். நான் இரண்டு முறை நின்று காத்திருந்தேன். மூன்றாவது முறை, "இந்த வேகத்துல போனா அடுத்த கிருத்திகைக்குத்தான் போய்ச் சேருவோம்" என்றேன். சிரித்தார். சத்தம் வராத சிரிப்பு. அப்போதே எனக்குப் பயம் வந்தது. வழக்கம்போல அதைக் கோபமாக மாற்றிக்கொண்டு நடந்தேன்.

கே.ஜி.கண்டிகையில் ஒரு டீக்கடை ஓரமாக நின்றோம். மணி ஆறரை இருக்கும். "கொஞ்சம் புடிடா" என்று காவடியை என் தோளுக்கு மாற்றிவிட்டுப் பெஞ்சில் உட்கார்ந்தார். வெயில் இன்னும் ஏறவில்லை. ஆனால் அவர் சட்டை போடாத உடம்பில் வேர்வை கோடு கோடாக வழிந்துகொண்டிருந்தது. இடது தோளைத் தேய்த்துக்கொண்டார். அக்கா ஒரு சோடா வாங்கிக் கொடுத்தாள். பாதி குடித்துவிட்டு வேண்டாம் என்று கையசைத்தார்.

டீக்கடைக்காரர் கிளாஸ் கழுவுவதை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தார். பிறகு என்னிடம், "மொகமெல்லாம் வெளுத்துகினு போவுதுங்களே. நடக்க வேணாம். எதுனா வண்டிய நிறுத்தி ஏத்திகினு போங்க" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. "காவடி எடுத்தவரு வண்டியில போவாரா? உங்க வேலையப் பாருங்க" என்றேன்.

அந்த மனிதர் மறுபடி கிளாஸ் கழுவ ஆரம்பித்தார். அன்றைக்கு எங்களைச் சரியாகப் பார்த்த முதல் ஆள் அவர்தான். அவரைத்தான் நான் எடுத்தெறிந்து பேசினேன்.

அங்கிருந்து பாவாவும் நானும் மாற்றி மாற்றிக் காவடியைச் சுமந்தோம். அவர் முறை வரும்போது நூறடி நடப்பார், நின்றுவிடுவார். அடிவாரத்துக் குளக்கரைக்கு வந்து சேரும்போது மணி ஒன்பது. ஆடிக் கிருத்திகை அன்று திருத்தணியில் கால் வைக்க இடம் இருக்காது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. வண்டிகளை எல்லாம் ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். கம்பு கட்டித் தடுத்த பாதையில் மஞ்சள் வேட்டியும் மஞ்சள் புடவையுமாகக் கூட்டம். பம்பைச் சத்தம் காதைப் பிளந்தது. குளக்கரை ஓரமாக ஒரு மருத்துவ முகாம் கூடாரம். அதை ஒட்டி ஒரு ஆம்புலன்ஸ். அந்த இடத்தில் வேறு நிழலே இல்லை. பாவா ஆம்புலன்ஸின் பின்சக்கரத்தில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

டிரைவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "உக்காருங்க, பரவால்ல. வண்டிய எடுக்கணும்னா மட்டும் சொல்றேன், எழுந்துக்கோங்க" என்றார்.

"ஆங், சரிங்க" என்றேன் நான், காவடியைத் தோளில் வைத்துக்கொண்டு.

இதை எத்தனை முறை நினைத்துப் பார்த்தாலும் எனக்கு என்னையே அறைந்துகொள்ளலாம் போல இருக்கும். ஆம்புலன்ஸில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார். அதன் டிரைவர் என்னோடு பேசுகிறார். நான் சரிங்க என்கிறேன்.

பாவா என் கணுக்காலைப் பிடித்தார். "நீ எடுத்துகினு மேல போ" என்றார்.

"நீங்க?"

"என்னால படி ஏற முடியாதுடா. மொதல்ல காவடி போய்ச் சேரட்டும். அப்பால நீ எங்க கூப்டாலும் வரேன்."

எங்கே கூப்பிட்டாலும் என்றார். எந்த இடம் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை, பக்கத்தில் நின்ற அக்காவும் கேட்கவில்லை. மூன்று பேருக்கும் தெரிந்திருந்தது. மாலை கழுத்தில் கிடந்தது. நான் பையையும் போனையும் அக்காவிடம் கொடுத்துவிட்டுப் படியேறினேன்.

முந்நூற்று அறுபத்தைந்து படி. ஏறுவது பெரிய விஷயமில்லை, ஏற விட்டால். முன்னால் பத்துப் பேர் நகர்ந்தால்தான் நாம் ஒரு படி வைக்கலாம். மேலே போனால் வரிசை மண்டபத்தைச் சுற்றிச் சுற்றிப் போனது. நடுவில் ஒரு ஆள் கம்பிக்கு அடியில் புகுந்து எனக்கு முன்னால் நின்றான். "இன்னாயா, நாங்கல்லாம் காலைலேர்ந்து சொம்மா நிக்குறோமா?" என்று அவனைச் சட்டையைப் பிடிக்காத குறையாக வெளியே தள்ளினேன். சுற்றி நின்றவர்கள் எனக்குப் பரிந்து பேசினார்கள். கீழே ஒரு மனிதர் உட்கார்ந்திருப்பதையும், அதைச் சொன்னால் இந்தக் கூட்டம் முழுவதும் எனக்கு வழி விட்டிருக்கும் என்பதையும் அந்த நேரத்தில் நான் யோசிக்கவே இல்லை. யோசித்திருந்தாலும் என்னவென்று சொல்லியிருப்பேன்? வாயு என்றா?

காவடியைச் செலுத்திவிட்டேன். அதோடு ஓடி வந்திருக்க வேண்டும். ஆனால் திருத்தணிச் சாமியின் மார்பில் ஒரு தழும்பு உண்டு என்பார்கள், அசுரன் விட்ட சக்கரத்தை மார்பில் தாங்கியதால் வந்த தழும்பு. அந்தச் சாமிக்குச் சாத்திய சந்தனத்தைக் கரைத்துக் குடித்தால் எந்த உபாதையும் தீரும் என்று எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் நம்பிக்கை. எனக்கு அந்த நம்பிக்கை இருந்ததாக நான் நினைத்ததே இல்லை. ஆனால் அன்றைக்கு, மார்பில் அடி வாங்கிய சாமிக்குத்தானே அந்த வலி தெரியும் என்று எனக்குத் தோன்றிவிட்டது. சந்தனம் கொடுக்கிற இடத்தில் இன்னொரு வரிசை. அதில் போய் நின்றேன். அரை மணி நேரத்துக்கு மேல் நின்றேன். இதை யாரும் என்னைச் செய்யச் சொல்லவில்லை. காவடி அவருடைய பிடிவாதம். சந்தனம் என்னுடையது.

இலையில் மடித்த சந்தனத்தோடு கீழே வந்தபோது மணி பதினொன்றைத் தாண்டியிருந்தது. பாவா அதே சக்கரத்தடியில் இருந்தார். உட்காரவில்லை, சரிந்திருந்தார். பக்கத்தில் வாந்தி எடுத்த ஈரம். உதட்டில் நிறமே இல்லை. அக்கா புடவைத் தலைப்பால் விசிறிக்கொண்டு அழுதாள்.

"கூடாரத்துல போய்க் கேக்கலியா?" என்றேன்.

"கேட்டன்டா. மாத்திரை குடுத்தாங்க."

"இன்னான்னு கேட்ட?"

"எனக்கு நெஞ்சு கரிக்குது, வாயு மாத்திரை குடுங்கன்னு கேட்டேன்."

"உனக்குன்னா கேட்ட?"

"மாலை போட்டுகினு இருக்கிற ஆளப் பத்தி எப்படிடா சொல்றது?"

அவளைத் திட்ட வாயைத் திறந்தேன். வாயிலிருந்து வேறு சத்தம் வந்தது. "நெஞ்சு வலி! எங்க பாவாவுக்கு நெஞ்சு வலி! யாராவது வாங்களேன்!" என்று தறிக்கு நடுவில் கத்துகிற மாதிரி கத்தினேன். பம்பைச் சத்தத்தையும் மீறிக் கேட்டிருக்க வேண்டும். டிரைவர் கதவைத் திறந்து குதித்தார். கூடாரத்திலிருந்து வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் ஓடி வந்தார். ஸ்ட்ரெச்சரில் ஏற்றும்போது டிரைவர் என்னைப் பார்த்துக் கேட்டார்: "இன்னா சார் இது? ரெண்டு மணி நேரமா என் வண்டி நிழல்லயே உக்காந்துகினு இருந்தாரே. ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

கோபமாகக் கேட்கவில்லை. அவர் முகத்தில் அழுகை இருந்தது. நானும் அக்காவும் ஸ்ட்ரெச்சருக்குப் பின்னாலேயே வண்டியில் ஏறினோம்.

அந்த ஒரு வார்த்தைக்கு எவ்வளவு பலம் என்று அதற்கப்புறம்தான் பார்த்தேன். அசையாமல் நின்ற கூட்டம் சைரனுக்கு இரண்டாகப் பிரிந்தது. காவடிகளைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு ஒதுங்கினார்கள். உள்ளே வெள்ளைச் சட்டைக்காரர் பாவாவின் விரலில் ஒரு கிளிப்பை மாட்டிவிட்டுக் கேட்டார், "வலி எத்தனை மணிக்கு ஆரம்பிச்சுது?"

"இப்பதான். ஒரு அரை மணி நேரம் இருக்கும்" என்றேன். வாந்தி எடுத்த நேரத்தைத்தான் சொன்னேன். அப்போது எனக்கு அதுதான் வலி.

ஆஸ்பத்திரியில் பாவா இறங்கி நடக்கப் பார்த்தார். நர்ஸ் அவர் தோளை அழுத்தி, "ஒரு அடி நடக்கக் கூடாது. பேசவும் வேணாம்" என்று படுக்க வைத்தார். சீட்டு எழுதுகிற ஜன்னலை எட்டிக்கூடப் பார்க்காமல் நேராக உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். கூட்டத்தில் தடுக்கி விழுந்து மண்டை உடைந்த ஒருவர் துணியால் நெற்றியை அழுத்திக்கொண்டு அங்கே உட்கார்ந்திருந்தார். அவரோடு வந்தவர், "நாங்க முன்னாடியே வந்தோம்மா, ரத்தம் நிக்கவே மாட்டேங்குது" என்றார். "அழுத்திப் புடிச்சிகினு இருங்க. இது மொதல்ல" என்று சொல்லிவிட்டு நர்ஸ் திரும்பிப் பார்க்கவே இல்லை. மலைமேல் ஒருவன் எனக்கு முன்னால் வந்ததற்குச் சண்டை போட்ட நான், ரத்தம் வழிகிற மனிதரைத் தாண்டிக்கொண்டு உள்ளே போனேன். அந்த மனிதர் என்னைத் திட்டவில்லை. பாவாவின் முகத்தைப் பார்த்துவிட்டுக் காலை மடக்கி வழி விட்டார்.

நெஞ்சில் பூசியிருந்த விபூதியைத் துடைத்தார்கள். மாலையைக் கழற்றவில்லை, ஒரு பக்கமாக ஒதுக்கிவிட்டு ஒயர்களை ஒட்டினார்கள். காகிதம் வெளியே வந்துகொண்டிருக்கும்போதே நர்ஸ் கேட்டார், "எப்போலேர்ந்து வலி?"

"ஒம்போது மணிங்க. குளத்தாண்ட."

காகிதத்தை டாக்டர் வாங்கிப் பார்த்தார். என்னைவிட வயதில் சின்னவர். பார்த்ததும் அவர் பேச்சின் வேகம் மாறியது. நாலைந்து மாத்திரைகளைப் பாவாவின் உள்ளங்கையில் கொட்டி, சிலதை மென்று விழுங்கச் சொன்னார்கள். ஒரு கையில் ஊசி குத்தி மருந்து போக வழி செய்தார்கள். இன்னொரு கையில் பிரஷர் பார்த்தார்கள். அடுத்து என்ன, அதற்கடுத்து என்ன என்று ஒருவரும் யாரையும் கேட்கவில்லை. எல்லாம் முன்னாலேயே தீர்மானித்த மாதிரி நடந்தது. எங்களுக்கும் அன்றைக்குக் காலையிலிருந்து ஒரு வரிசை இருந்தது. முதலில் ஓமத் தண்ணீர், அப்புறம் சோடா, அப்புறம் காவடி, அப்புறம் சந்தனம். கடைசியில்தான் இது.

டாக்டர் என் பக்கம் திரும்பினார். "கரெக்டா சொல்லுங்க. வலி எத்தனை மணிக்கு ஆரம்பிச்சுது? அத வெச்சித்தான் இப்ப ஊசி போடலாமா வேணாமான்னு பாக்கணும்."

"கே.ஜி.கண்டிகையில... ஆறரை மணி" என்றேன்.

அவர் நர்ஸைப் பார்த்தார். நர்ஸ் எழுதியிருந்ததை அடித்தார். அப்போது பின்னாலிருந்து அக்காவின் குரல் வந்தது. "இல்லீங்க. நாலரை. ஊட்ல காவடியத் தூக்கும்போதே நெஞ்சப் புடிச்சாரு. அப்போலேர்ந்து விடவே இல்ல. நான் பாத்துகினுதான் இருந்தேன்."

யாராவது திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். டாக்டர் மட்டும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். நானும் பார்த்தேன். பன்னிரண்டு ஆகப் பத்து நிமிஷம் இருந்தது.

ரத்தக் குழாய் அடைத்திருக்கிறது, அடைப்பைக் கரைக்க ஊசி போடுகிறோம், ரத்தக் கசிவு ஆபத்து கொஞ்சம் உண்டு, இதற்கு முன் பக்கவாதம் வந்ததா, ஆபரேஷன் ஏதாவது நடந்ததா, வயிற்றுப் புண் உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அக்கா பதில் சொன்னாள். என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். பேனாவை வாங்கும்போதுதான் கையில் இன்னும் அந்த இலையைப் பிடித்துக்கொண்டிருப்பது தெரிந்தது. விரல் இடுக்கெல்லாம் சந்தனம். காகிதத்தில் மஞ்சளாக என் கட்டைவிரல் பதிந்துவிட்டது.

"தாமதமாயிடுச்சா சார்?" என்று கேட்டேன்.

டாக்டர் ஒரு நொடி யோசித்தார். "ஊசி போடுற நேரத்துக்குள்ளதான் இருக்கீங்க. ஆனா அடைப்பு எடுக்கிற வரைக்கும் உள்ள இருக்கிற சதை கொஞ்சம் கொஞ்சமா செத்துகிட்டேதான் இருக்கும். செத்தது திரும்ப வராது. மிச்சம் இருக்கிறதக் காப்பாத்தப் பாக்குறோம்" என்றார்.

வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தேன். செய்ய ஒன்றுமே இல்லை. என் வாழ்க்கையில் எனக்கு இவ்வளவு கையாலாகாத நேரம் வந்ததில்லை. தறி நின்றால் எதையாவது திருகிப் பார்ப்பேன், பெல்ட்டை மாற்றுவேன், இல்லாவிட்டால் உதைத்தாவது பார்ப்பேன். இங்கே கதவு மூடியிருந்தது. சந்தனத்தை என்ன செய்வதென்று தெரியவில்லை. குப்பைக் கூடையில் போட மனசு வரவில்லை. மறுபடி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். மண்டை உடைந்தவருக்குத் தையல் போட்டு அனுப்பினார்கள். போகும்போது என்னிடம் வந்து, "சாமி கைவிடாது" என்றார். அவருக்குத் தலையாட்டினேன்.

சாயங்காலத்துக்குள் சென்னைக்கு அனுப்பினார்கள். அங்கே குழாயைத் திறந்து ஸ்டென்ட் வைத்தார்கள். பாவா பிழைத்தார். ஆனால் இதயம் பழையபடி அடிக்கவில்லை. பம்பிங் பாதிக்கும் கீழே என்றார்கள். பழைய பாவா, நூல் சுற்றிய பாவு உருளையை ஒற்றை ஆளாகத் தூக்கித் தறியில் மாட்டுவார். வீட்டுக்கு வந்த பாவாவுக்குக் கொல்லைக்குப் போய் வந்தாலே மூச்சு வாங்கியது. இரண்டு தலையணை வைத்துத்தான் படுக்க முடிந்தது. அவருடைய நாலு தறியையும் நானே சேர்த்து ஓட்டினேன். பாவா ஷெட்டுக்கு வந்து ஒரு நாற்காலியில் உட்கார்ந்து நெய்த துணியில் குறை பார்ப்பார்.

இதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். என்னால் தாங்க முடியாதது அவர் சொல்லிக்கொண்டிருந்த கதை.

பார்க்க வருகிற ஒவ்வொருவரிடமும் சொல்வார். "மச்சான்தான் என்னைக் காப்பாத்தினான். எனக்குப் பதிலா காவடிய மேல ஏத்தினான். அது மட்டும் போய்ச் சேரலன்னா நான் குளத்தாண்டயே போயிருப்பேன். சந்தனத்த வேற வாங்கிகினு ஓடியாந்தான் பாவம்." வந்தவர்கள் என்னைப் பார்த்துக் கும்பிடாத குறையாக நிற்பார்கள். நான் தலையைக் குனிந்துகொள்வேன். அடக்கம் என்று நினைத்துக்கொள்வார்கள். நான் மேலே போய்வந்த அந்த இரண்டு மணி நேரத்தில் எவ்வளவு செத்தது என்று எனக்குத்தானே தெரியும். அவரிடம் எப்படிச் சொல்வது? அந்த நம்பிக்கையில்தானே மனிதர் எழுந்து உட்கார்ந்தார். ஒரு வருஷம் முழுக்க அந்தக் கதையைக் கேட்டுக்கொண்டு, உண்மையைத் தொண்டையிலேயே வைத்துக்கொண்டு தறி ஓட்டினேன்.

அடுத்த ஆடிக் கிருத்திகைக்கு முதல் நாள். எதிர்வீட்டு அண்ணன் ஒருவர் வந்திருந்தார், அவரும் தறிக்காரர்தான். மாலை போட்டிருந்தார். மறுநாள் காவடி எடுக்கிறவர். பாவா வழக்கம்போல ஆரம்பித்தார். காவடி, மச்சான், சந்தனம். அண்ணன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மெதுவாகச் சொன்னார்: "எனக்கும் காலைலேர்ந்து இங்க ஒரு மாதிரி அடைச்சிகினு இருக்குது. தாடைகூடப் புடிச்சி இழுக்குது. நீ சொல்றதும் சரிதான். மொதல்ல நாளைக்குக் காவடிய ஏத்திடுறேன். அப்பால பாத்துக்கலாம்."

எனக்கு என்ன ஆயிற்று என்று தெரியவில்லை. கையில் இருந்த டம்ளரை வீசிவிட்டேன். "அவரு சொல்றதெல்லாம் பொய்ண்ணா! காவடி காப்பாத்தல. நான்தான் காவடியத் தூக்கிகினு போய் அவரு நெஞ்ச பாதி கொன்னேன். ஆம்புலன்ஸ்லயே சாஞ்சிகினு இருந்தாரு, நான் உட்டுட்டுப் போனேன். சந்தனத்துக்கு வேற தனியா வரிசையில நின்னேன். டாக்டர் சொன்னாரு, எனக்குத் தெரியும். இவருக்குத்தான் தெரியாது!"

அக்கா சமையலறை வாசலில் வந்து நின்றாள். பாவா என் பக்கம் திரும்பினார்.

"தெரியும்டா" என்றார்.

"இன்னா தெரியும்?" என்றேன்.

"மெட்ராஸ்ல படம் போட்டு எனக்கே காட்டினாங்க. எது செத்தது, எது இருக்குதுன்னு. கேட்டுட்டு வெளிய வந்தா, நீ அழுக்குச் சட்டையோட செவுத்துல சாஞ்சிகினு நிக்குற. பையில அந்தச் சந்தனம் காஞ்சி கெடக்குது. ரெண்டு நாளா நீ ஒண்ணுமே துன்னலன்னு உங்க அக்கா சொன்னா. நான் வேற இன்னாடா சொல்றது உன்கிட்ட? போன்னு சொன்னதே நான்தானே."

பிறகு அண்ணன் பக்கம் திரும்பினார். குரலை உயர்த்தினார், ஷெட்டில் கத்துகிற மாதிரி. ஒரு வருஷமாக அந்தக் குரலை நான் கேட்கவில்லை. "இவன் சொல்றதுதான் நெசம். நான் சொன்னது இவனுக்காகச் சொன்னது, உனக்கில்ல. எழுந்திரு. மாலையோடயே வா. நடக்காத, நாற்காலியோட தூக்கிகினு போய் வண்டியில வெக்கிறோம்."

போகிற வழியில் வலி எத்தனை மணிக்கு ஆரம்பித்தது என்று பாவா அண்ணனைக் கேட்டுக்கொண்டார். ஆஸ்பத்திரி வாசலில் பாவா எனக்கு முன்னால் இறங்கினார். கேள்வி வருவதற்கு முன்னாலேயே, யார் யாரோ திரும்பிப் பார்க்கும்படி சொன்னார்: "நெஞ்சு வலி. காலைல எட்டு மணிலேர்ந்து. வுடாம இருக்குது." ஸ்ட்ரெச்சர் வந்தது. அண்ணனை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். கதவு மூடியது.

அண்ணனுக்கு என்னவென்று அந்த நேரத்தில் எங்களுக்குத் தெரியாது. மறுபடி கதவுக்கு இந்தப் பக்கம்தான் நின்றோம். பாவாவுக்கு வாசலில் இருந்த நாலு படி ஏறியதற்கும் கத்தியதற்கும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. வாயைத் திறந்து மூச்சு விட்டுக்கொண்டு, உட்கார இடம் தேடினார். பெஞ்சுகள் நிறைந்திருந்தன. வெளியே வெயிலில் ஒரு ஆம்புலன்ஸ் நின்றது. அதன் நிழலைப் பார்த்து அவர் நடக்க ஆரம்பித்தார். நான் ஓடிப் போய் அவர் கையைப் பிடித்து, அங்கே வேண்டாம் பாவா என்று இந்தப் பக்கம் கூட்டிக்கொண்டு வந்தேன்.